திறந்த அடுப்புக்கு ஒரு வார்ப்பிரும்புப் பானை

மனிதன் சமைத்து உண்ட வரலாற்றை ஏடுகளைப் படித்து அறியலாம்; அடுப்பு மூட்டிச் சமைத்துப் பார்த்தும் அறியலாம். இரண்டாவது வழியைப் பின்பற்றும் பொருட்காட்சிச் சாலைகள் பல நாடுகளில் உள்ளன. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பழைய சமையற்கூடத்திலும், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் நகரிலும், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பழைய ஸ்டர்பிரிட்ஜ் கிராமத்திலும் முற்காலத்து உணவுகளை அக்காலத்து முறைப்படியே விறகுத் தீயில் சமைத்துக் காட்டுகின்றனர். இதனைக் கண்டு ஆர்வம் கொண்டு, தம் வீட்டுத் தோட்டத்திலேயே அவ்வாறு சமைக்க முற்படுவோரும் பலர். இவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் ஒரு பொருளைத்தான்: வயிறு பருத்து, மூன்று கால்களுடன் நிற்கும் கரிய வார்ப்பிரும்புப் பானை.

இப்பானை நம் நாட்டில் பிறந்ததன்று. எனினும், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்து தங்கிவிட்ட சில பானைகள் பழம்பொருள் சந்தைகளில் அவ்வப்போது தென்படுவதுண்டு. அத்தகைய பானையொன்றை வாங்கி, அதனால் ஒரு பாடமும் கற்றவன் என்ற முறையில், பானையின் பிறப்பு, அதன் உலோகத்தின் இயல்பு, வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் ஆகியவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எந்தக் காலத்துக்கு எந்தப் பாத்திரம்?

பழமை என்றாலே இரும்புப் பானை என்று எண்ணுவது தவறு. இரும்பை உருக்கி வார்க்கும் கலையைச் சீனர்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். ஐரோப்பாவிலோ இக்கலை வெகு காலம் கழித்தே பரவியது. அங்கு இடைக்காலத்துச் சமையற்கூடங்களில் மண் பாண்டங்களும் வெண்கலப் பானைகளுமே மிகுதியாகப் புழங்கின. ஆகவே, பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கில உணவைச் சமைத்துப் பார்க்க விழைபவர் வார்ப்பிரும்புப் பானையை வாங்கினால், அவருடைய சமையல் சுவையாக இருக்கலாம், வரலாறாக இராது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் சாதாரணக் குடும்பத்துச் சமையலுக்கே இப்பானை பொருத்தமானது.

வெண்கலமும் பித்தளையும் விலை மிகுந்தவை. அவற்றின் இடத்தை மலிவான இரும்பு பிடித்துக்கொண்ட வரலாற்றில் ஆபிரகாம் டார்பி என்பவரின் பெயர் முதன்மையானது. 1678-ல் பிறந்த இவர், பிரிஸ்டல் நகரில் பித்தளைத் தொழில் நடத்தியவர். பித்தளைப் பானைகளை மணல் அச்சில் வார்ப்பது போல் இரும்புப் பானைகளையும் வார்க்க இயலாதா என்ற வினா இவருள் எழுந்தது. அதுவரை இரும்புப் பானைக்கான அச்சைக் களிமண் கலந்த குழம்பினால் செய்து உலர்த்தி, வார்த்தபின் உடைத்தெறிய வேண்டியிருந்தது. நம் நாட்டில் உருளி வார்ப்போரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மண் அச்சைச் செய்து உடைப்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். ஈர மணலில் மாதிரி உருவைப் பதித்து எடுத்தாலோ ஒரே மாதிரியிலிருந்து எத்தனை பானைகள் வேண்டுமானாலும் வார்க்கலாம்.

சோதனைகள் பலமுறை தோல்வியுற்றன. இறுதியில் ஜான் தாமஸ் என்ற இளந்தொழிலாளியின் துணையால் டார்பி வெற்றி கண்டார். பிறர் எட்டிப் பார்த்துவிடாதபடி கதவின் சாவித் துளையை அடைத்துவிட்டே இருவரும் வேலை செய்தனர் என்றொரு மரபுச் செய்தி உண்டு. களிமண்ணின்றி மணலிலேயே வயிறு பருத்த இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு 1707-ல் பதினான்கு ஆண்டுக் காப்புரிமை வழங்கப்பட்டது. அடுத்து அவர் செவர்ன் ஆற்றங்கரையை ஒட்டிய கோல்புரூக்டேல் என்னும் ஊரில் பழைய ஊதுலையொன்றைக் குத்தகைக்கு எடுத்து, 1709-ல் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கினார். கற்கரி என்பது நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பது. கைத்தொழிற் புரட்சியின் தொடக்கங்களில் ஒன்றாக இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் போற்றுவர். ஆயினும் அவ்வுலையிலிருந்து வெளிவந்த இரும்பு முதலில் பயன்பட்டது பாலங்களுக்கும் எந்திரங்களுக்கும் அன்று. ஏழை எளியவரின் அடுப்பில் ஏறிய பானைகளுக்கும் சட்டிகளுக்குமே. அந்த உலை இன்றும் அங்கு பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அமெரிக்காவில் இதற்கு முன்பே, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாகஸ் என்னுமிடத்தில் 1646-ல் தொடங்கிய இரும்பாலை பானைகளும் வார்த்தது. ஸ்காத்லாந்தில் பால்கர்க் நகரருகே 1759-ல் கேரன் நிறுவனம் தோன்றியது. பால்கர்க் என்ற பெயர் பொறித்த பானைகள் ஆப்பிரிக்கா வரை சென்றன. தென்னாப்பிரிக்காவில் பொய்க்கி எனப்படும் மூன்று கால் பானை இன்றும் புதிதாக வார்க்கப்பட்டு, வீடுதோறும் வெளியடுப்பில் பயன்பட்டு வருகிறது.

உலோகத்தின் இயல்பு

சுத்த இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் தேவை. அதில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கார்பன் கலந்துவிட்டால் ஏறத்தாழ 1,150 முதல் 1,200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அவ்வாறு உருகி ஓடும் கலவையே வார்ப்பிரும்பு. இது குளிரும்போது கார்பனில் பெரும்பகுதி மெல்லிய செதில்களாகப் பிரிந்து இரும்பினூடே தங்குகிறது. பென்சில் முனையில் உள்ள கிராபைட் என்ற பொருளே இது. முறிந்த இடம் சாம்பல் நிறமாகத் தோன்றுவதால் இவ்வகையைச் சாம்பல் வார்ப்பிரும்பு என்பர். சிலிக்கான் மிகுந்தால் கிராபைட் எளிதில் பிரியும். டார்பியின் கற்கரி இரும்பில் சிலிக்கான் மிகுதியாக இருந்தமையால், அது மெல்லிய பானை வார்ப்புக்கு மிகவும் ஏற்றதாயிற்று. சிலிக்கான் குறைந்து, விரைவில் குளிர்ந்துவிட்ட வார்ப்பிரும்போ வெண்ணிறமாக முறியும். கண்ணாடியைப் போல் நொறுங்கும் தன்மையது.

கிராபைட் செதில்கள் பானைக்கு நன்மையும் தீமையும் ஒருங்கே செய்கின்றன. அவற்றால் உலோகம் எளிதில் வார்ப்பாகிறது. அழுத்தத்தையும் நன்கு தாங்குகிறது. ஆனால் இழுவிசைக்கு ஆளாகும்போது ஒவ்வொரு செதிலும் ஒரு நுண்ணிய வெடிப்பைப் போல் செயற்படுகிறது. காய்ந்த பானையில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் உட்புறம் சுருங்குகிறது. வெளிப்புறம் விரிந்தபடியே நிற்கிறது. உட்புறத்தில் எழும் இழுவிசை தாங்காமல் பானை பிளந்துவிடுகிறது. நூற்றைம்பது ஆண்டு பிழைத்த பானையும் ஒரு குவளைத் தண்ணீரால் அழியக்கூடும்.

வார்ப்பிரும்பு உஷ்ணத்தை விரைந்து பரப்பும் உலோகம் என்று பலர் கருதுவர். உண்மை இதற்கு மாறானது. உஷ்ணத்தைக் கடத்தும் திறனில் இது செம்பின் எட்டில் ஒரு பங்கு அளவே ஆகும். இதன் சிறப்பு, கொண்ட உஷ்ணத்தை இழக்காமல் வைத்திருப்பதில் அடங்கியுள்ளது. ஐந்து கிலோகிராம் எடையுள்ள பானை 200 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் குளிரும்போது வெளியிடும் உஷ்ணம், ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரை அறை உஷ்ணத்திலிருந்து கொதிநிலைக்கு உயர்த்தப் போதுமானது. காற்றில் அலையும் விறகுத் தீயின் ஏற்றத்தாழ்வுகளை இந்தச் சேமிப்பு சமன்படுத்துகிறது. திறந்த அடுப்புக்கு இப்பானை பொருந்தியமைக்குக் காரணம் இதுவே.

வடிவத்தின் பொருள்

பானையின் ஒவ்வோர் உறுப்பும் தீயை ஒட்டி அமைந்தது. மூன்று கால்கள், மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்பதற்கு. நான்கு கால்களுள் ஒன்று சமயத்தில் தரையைத் தொடாது நிற்கும். மூன்று கால்களுக்கு அந்தக் குறை இல்லை. உருண்ட அடிப்பாகம் தணலின் உஷ்ணத்தை எல்லாப் பக்கத்திலும் ஏற்பதற்கு. கழுத்தருகே உள்ள இரு காதுகளும் அவற்றில் மாட்டிய வளைபிடியும், அடுப்பின் மேல் நீண்டிருக்கும் இரும்புக் கையில் பானையைத் தொங்கவிடுவதற்கு. பல்வரிசை அமைந்த கொக்கியால் பானையை உயர்த்தியும் தாழ்த்தியும் அக்காலத்தவர் உஷ்ணத்தை அடக்கியாண்டனர்.

டச்சு அடுப்பு என வழங்கும் பாத்திரம் இதன் உறவினமே. அதன் அடி தட்டையாகவும், கால்கள் குட்டையாகவும் இருக்கும். மூடியின் விளிம்பு மேல்நோக்கி எழுந்து ஒரு வரம்பு போல் அமைந்திருக்கும். அவ்வரம்புக்குள் தணலைப் பரப்பினால் மேலும் கீழும் உஷ்ணம் பெற்று ரொட்டி வேகும். வாங்குபவர் தமக்கு வேண்டியது குழம்பும் கஞ்சியும் கொதிக்கும் பானையா, ரொட்டி சுடும் அடுப்பா என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். மூடியில் வரம்பில்லாத பாத்திரத்தில் தணலை வைத்தால், மூடியைத் திறக்கும்போது சாம்பல் உணவில்தான் விழும்.

பானையின் மேல் எழுதிய வரலாறு

பழைய பானையைக் கவிழ்த்து அடிப்பாகத்தை நோக்க வேண்டும். அங்கு சில அங்குல நீளத்துக்கு, சற்றே எழும்பிய கரடுமுரடான கோடு ஒன்று தென்பட்டால், அது உருகிய இரும்பை அச்சினுள் ஊற்றிய வாயின் வடு. பானை குளிர்ந்தபின் அவ்வாயில் உறைந்த உலோகத்தை உடைத்து நீக்குவர், வடு நிலைத்துவிடும். வட்டமான வடு பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டு வார்ப்பையும், நீண்ட கோடு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வார்ப்பையும் குறிக்கும். அந்நூற்றாண்டின் இறுதியில் வார்ப்பு வாயை விளிம்புக்கு மாற்றி, வடுவை அரைத்துச் சமப்படுத்தும் வழக்கம் பரவியது. எனினும் சில பட்டறைகள் பழைய முறையையே நெடுங்காலம் கைக்கொண்டமையால், இதனை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

பானையின் பக்கங்களில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய மடிப்பு, அச்சின் பகுதிகள் கூடிய இடம். மடிப்பு நேராகவும் மெலிதாகவும் இருப்பின் வார்த்தவர் திறமைசாலி எனக் கொள்ளலாம். மேற்புறத்தில் பொறித்த எண் பெரும்பாலும் கொள்ளளவைக் காட்டும். இதில் ஏமாற இடமுண்டு. ஆங்கிலேயக் காலன் ஏறத்தாழ நான்கரை லிட்டர். அமெரிக்கக் காலன் மூன்றேமுக்கால் லிட்டர் அளவே. தென்னாப்பிரிக்கப் பானையில் உள்ள எண்ணோ லிட்டரும் அன்று, காலனும் அன்று. அது வெறும் வரிசை எண். மூன்றாம் எண் பானை ஏறத்தாழ எட்டு லிட்டர் கொள்ளும். ஆகவே எண்ணை நம்புவதைவிட, தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்ப்பதே மேல்.

பழம் பானையை மாதிரியாக மணலில் பதித்துப் போலி வார்ப்போரும் உண்டு. இதனைக் கண்டறிய இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. வார்ப்பிரும்பு குளிரும்போது நீள அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஆகையால் போலி, மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே அமையும். எழுத்துக்கள் மழுங்கியும், மேற்பரப்பு மணல் மணலாகவும் இருக்கும். அழகுக்காக வார்த்து, கறுப்பு வர்ணம் பூசிய பானைகள் சமையலுக்குரியவை அல்ல. திருகாணியால் கால்களைப் பொருத்திய பானையையும் தவிர்த்தல் நன்று.

உறுதியைச் சோதித்தல்

முதற் சோதனை ஓசை. பானையை வளைபிடியால் தூக்கிப் பிடித்து, விரல் கணுவாலோ மரக்குச்சியாலோ மெல்லத் தட்டினால் மணியோசை போல் நீண்டு ஒலிக்க வேண்டும். சட்டென்று அடங்கும் மந்தமான ஓசை எழுந்தால் எங்கோ வெடிப்பு உள்ளது. பானைக் கடையில் மண் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் பெண்மணிகளுக்கு இச்சோதனையைக் கற்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒளி. இருட்டறையில் பானையினுள் விளக்கை வைத்து வெளியே நோக்கினால், ஊடுருவிய வெடிப்பும் ஊசித்துளையும் தெரியும்.

மூன்றாவது, மண்ணெண்ணெய். ஐயத்துக்குரிய இடத்தின் உட்புறத்தில் மண்ணெண்ணெய் தடவி, வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துச் சிறிது நேரம் வைத்தால், கண்ணுக்குப் புலனாகாத வெடிப்பும் வெண்பரப்பில் கறுத்த கோடாக வெளிப்படும். கொதிகலங்களைச் சோதிக்கும் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. சோதனைக்குப் பின் மண்ணெண்ணெயைச் சோப்பு நீரால் முற்றும் கழுவிவிட வேண்டும்.

வெடிப்பு மிகுதியாகத் தோன்றும் இடங்கள் மூன்று: விளிம்பு, காதுகளின் அடி, கால்கள் உடலோடு சேரும் இடம். கால் ஒன்று குறைந்த பானை தொங்கவிட்டுச் சமைக்க உதவும். காது முறிந்த பானையை ஒருபோதும் தொங்கவிடலாகாது. பித்தளையாலோ பசையாலோ ஒட்டிய பழுதுகள் இருப்பின் அப்பானையை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒட்டுலோகத்தில் நச்சுப் பொருள்கள் கலந்திருத்தல் கூடும். உட்புறம் முழுவதும் செந்நிறச் செதிலாக மாறி, கழுவினாலும் அந்நிறம் நீங்காமல் இருப்பின், அது எப்போதோ கடுந்தீயில் அகப்பட்டுக் கெட்ட பானை. அதில் எண்ணெய்ப் படலம் நிலைத்து நிற்காது. மேற்பரப்பில் உள்ள சாதாரணத் துருவோ அஞ்சத்தக்கதன்று.

கண்ணுக்குத் தெரியாத குற்றம்

இச்சோதனைகள் அனைத்திலும் தேறிய பானை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் டில்லியின் பழம்பொருள் சந்தையொன்றில் வாங்கினேன். பழைய பட்டாள முகாம் ஒன்றிலிருந்து வந்தது என்றார் விற்றவர். தட்டினால் கோயில் மணி போல் ஒலித்தது. விளக்கொளியில் ஒரு துளையும் தென்படவில்லை. எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் திறந்த வெளியில் விறகடுப்பு மூட்டிப் பொங்கல் இடுவது வழக்கம். அவ்வாண்டு அப்பானையிலேயே பொங்கல் இடுவதென முடிவாயிற்று. கோலமிட்ட இடத்தில் அதனை ஏற்றுவதற்கு இரண்டு நாள் இருந்தது.

அதனைத் துலக்கிக்கொண்டிருந்தபோது, உலோகவியல் பயின்று ஓய்வுபெற்ற அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். அடிப்பாகத்து உட்குழிவில் சாம்பல் நிறமாக ஒட்டியிருந்த ஒரு படிவத்தை நகத்தால் கீறினார். கீறிய இடம் வெள்ளிபோல் மின்னியது. துணுக்கொன்றைத் தாளில் தேய்த்தார். பென்சிலைப் போல் கோடு விழுந்தது. "சார், இதை அடுப்பில் வைக்க வேண்டாம். யாரோ இதில் காரீயம் உருக்கியிருக்கிறார்கள்" என்றார். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி கொண்டு சோதித்த ஆய்வுக்கூடமும் அதனையே உறுதி செய்தது. அவ்வாண்டுப் பொங்கல் வழக்கமான வெண்கலப் பானையிலேயே பொங்கிற்று. இலையில் முதலில் அமர்ந்தவர்கள், ஐந்தும் ஆறும் வயதான குழந்தைகள். அக்காட்சியை நான் மறக்கவில்லை.

இது அரிதான நிகழ்ச்சியன்று. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், இரும்போடு கலவாது. எனவே துப்பாக்கிக் குண்டு, மீன் வலைக்கான எடை, குழாய் இணைப்பு முதலியவற்றுக்குக் காரீயம் உருக்க வார்ப்பிரும்புப் பானையே எளிதில் அகப்பட்ட பாத்திரமாயிற்று. இரும்போடு கலவாவிடினும், குழிவுகளிலும் துருவின் துளைகளிலும் அது தங்கிவிடுகிறது. புளிப்பான உணவு அதனைக் கரைத்தெடுக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் எந்த அளவு காரீயமும் தீங்கற்றது எனக் கொள்வதற்கில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. நேர்ந்த பாதிப்பை மீட்பதும் அரிது.

இங்கு பெயரால் விளையும் குழப்பம் ஒன்றையும் நீக்க வேண்டும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. காரீயம் முற்றிலும் வேறான, நச்சுத் தன்மையுள்ள உலோகம். ஆங்கிலேயப் பானைகள் சிலவற்றின் உட்புறத்திலும் வெள்ளீயப் பூச்சு உண்டு. ஆகவே, வெண்ணிறப் படிவம் எதுவும் தென்பட்டால் அது எவ்வகை ஈயம் என்பதைச் சோதனையின்றித் துணிதல் கூடாது. வீட்டில் தடவிப் பார்க்கும் சோதனைத் தாள்கள் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. ஐயம் நீங்கும் வரை பானையை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. அதில் எழும் தூசியே தீங்கு செய்யும்.

எங்கே வாங்குவது?

மேலை நாடுகளில் பழம்பொருள் கடைகளும், பண்ணை வீடுகளின் ஏலங்களும் இப்பானைகளின் இருப்பிடங்கள். ஏலத்தில் பானையைத் தட்டிப் பார்க்க முன்னதாகவே வாய்ப்பளிப்பர், அதனைத் தவறவிடலாகாது. புகழ்பெற்ற நிறுவனத்தின் முத்திரைக்காகச் சேகரிப்போர் மிகுந்த விலை தருவர். 1957-ல் தொழிலை நிறுத்திய அமெரிக்க நிறுவனமான கிரிஸ்வால்டின் பாத்திரங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. சமைக்க விரும்புபவருக்கு முத்திரை தேவையில்லை. பெயரற்ற நல்ல பானையே போதும்.

குடும்பத்துக்கும் குழந்தைகளுக்கும் சமைக்க வேண்டுமாயின் புதுப் பானையே சிறந்தது என்பது எனது துணிபு. தென்னாப்பிரிக்கப் பானைகளும், 1896-ல் தொடங்கி இன்றும் நடைபெறும் அமெரிக்க லாட்ஜ் நிறுவனத்தின் மூன்று கால் டச்சு அடுப்புகளும் பழைய வடிவத்தையே பின்பற்றுபவை. நம் நாட்டில் கோயமுத்தூர், ராஜ்கோட், கோலாப்பூர், ஹௌரா முதலிய இடங்களில் வார்ப்பட்டறைகள் மிகுதி. மர மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்து மூன்று கால் பானை வார்த்துப் பெறுதல் இயலாத காரியமன்று. அவ்வாறு செய்வோர், சுருக்கத்துக்காக மாதிரியை நூற்றுக்கு ஒரு பங்கு பெரிதாக அமைக்க வேண்டும். வர்ணமோ மெழுகோ பூசாமல் தருமாறும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துரு நீக்குதலும் பழக்குதலும்

காரீயம் இல்லை எனத் தெளிந்த பழம் பானையின் துருவை மின்பகுப்பால் நீக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, 12 வோல்ட் மின்கல ஊட்டியின் எதிர்முனையைப் பானையோடும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைக்க வேண்டும். பானையும் தகடும் ஒன்றையொன்று தொடலாகாது. துருப்பிடிக்காத எஃகைத் தகடாகப் பயன்படுத்தினால் நச்சான குரோமியச் சேர்மம் உண்டாகும்; சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் குளோரின் வாயு எழும். இவ்விரண்டும் ஆகா. ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் திறந்த வெளியில், தீ அருகில் இல்லாத இடத்தில் இதனைச் செய்ய வேண்டும். கரைசலில் கையை இடுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

பின்னர்ப் பானையைப் பழக்க வேண்டும். புதுத் தோசைக்கல்லைக் கஞ்சி நீர் ஊற்றி வைத்து, எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்குவதை நம் இல்லங்களில் காண்கிறோம். தத்துவம் ஒன்றே. எண்ணெயை மெல்லியதாகத் தடவி, தடவியதே தெரியாதபடி துடைத்து, ஏறத்தாழ 230 டிகிரி உஷ்ணத்தில் ஒரு மணி நேரம் வைத்தால், எண்ணெயின் மூலக்கூறுகள் பிராணவாயுவோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பிணைந்து கடினமான படலமாகின்றன. இதனை மூன்று நான்கு முறை திரும்பச் செய்ய வேண்டும். எண்ணெய் மிகுந்தால் படலம் பிசுபிசுக்கும். படலம் முற்றும் வரை புளிக்குழம்பைத் தவிர்க்க வேண்டும். அடுப்பில் ஏற்றும்போது முதலில் இளந்தணலில் வைத்துச் சிறுகச் சிறுகக் காய்ச்ச வேண்டும். இறக்கியதும் தானே ஆறவிட வேண்டும்.

இப்பானையில் சமைத்த உணவில் சிறிதளவு இரும்புச் சத்து சேர்வதும் உண்மை. எத்தியோப்பியாவில் இரும்புப் பானை உணவை ஓராண்டு உண்ட குழந்தைகளின் இரத்தத்தில், அலுமினியப் பானை உணவை உண்டவர்களைவிட ஹீமோகுளோபின் மிகுதியாக உயர்ந்ததாக 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இரும்புப் பானை மருந்துக்கு மாற்றாகாது. ஆயினும் வேண்டாத துணையும் அன்று. இரும்புச் சத்து உடலில் மிகுதியாகத் தேங்கும் நோயுள்ளவர்களும், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதனைப் பயன்படுத்த வேண்டும்.

பழம் பானை தன் வரலாற்றைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. அடியிலுள்ள வடு அது பிறந்த காலத்தைக் கூறும். ஓசை அதன் உடல் நலத்தைக் கூறும். ஆனால் முந்திய உடைமையாளர் அதில் என்ன செய்தார் என்பதை ஓசையும் ஒளியும் கூறமாட்டா. ஆகவே, "இது எவ்வளவு பழையது?" என்று கேட்குமுன், "இதில் என்ன காய்ச்சினார்கள்?" என்று கேட்பதே அறிவுடைமை. விடை கிடைக்காத பானை, அலமாரியில் நின்று நமக்கு வரலாற்றைச் சொல்லட்டும். உலையேற்றிக் குழந்தைகளுக்குச் சோறிடும் உரிமை, சோதனையில் தேறிய பானைக்கே உரியதாகுக.